தட்டில் இருந்தது எவ்வளவு என்று எப்படி அறிந்தீர்கள்? ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கும், அதன்கீழ் ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்கும்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டி, செல்லம்பட்டி, திருமங்கலம், மேலூர் பக்கத்துக் கிராமங்களிலும், நகருக்குள் செல்லூர், ஜெய்ஹிந்த்புரம் பகுதிகளிலும் வீடு வீடாகப் போய், அந்தக் குடும்பங்கள் என்ன சாப்பிடுகின்றன, எவ்வளவு சாப்பிடுகின்றன என்று கேட்டு எழுதும் கள விசாரணையாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். உணவு ஆய்வுகளின் முடிவுகள் செய்தித்தாளில் வரும்போது அவற்றைப் படிக்கிறவர்கள் பலர். அந்த முடிவுகளுக்கு அடியில் இருக்கும் எண்கள் பிறக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிலர்தான். அந்தச் சிலரில் ஒருத்தி என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

2024 மே மாதம் நீங்கள் வெளியிட்ட உணவு வழிகாட்டு நெறிமுறைகளில், இந்தியாவின் மொத்த நோய்ச்சுமையில் (நோயாலும் அகால மரணத்தாலும் மக்கள் இழக்கும் ஆண்டுகளின் கணக்கில்) 56.4 விழுக்காடு ஆரோக்கியமற்ற உணவால் வருகிறது என்ற மதிப்பீடு இடம்பெற்றிருந்தது. இந்த மடலை எழுதத் தூண்டியது, அவ்வளவு துல்லியம் இருப்பதாகக் காட்டும், அந்தப் புள்ளிக்குப் பின்னால் நிற்கும் 4 என்ற இலக்கம்தான். நோய்ச்சுமை மதிப்பீடுகள் பொதுவாக இரண்டு தூண்களின் மேல் நிற்பவை. மக்கள் எதை எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்ற கணக்கெடுப்பு ஒன்று. எந்த உணவு எந்த நோயை எவ்வளவு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் மற்றொன்று. இந்த இரண்டு தூண்களிலும் விரிசல் இருக்கிறது என்பதும், அந்த விரிசல் உங்கள் வெளியீடுகளைப் படிக்கும் சாதாரண மக்களுக்குத் தெரியும்படி சொல்லப்படுவதில்லை என்பதும் என் முறையீடு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் பேச்சைக் கேட்க வேண்டாம் என்றோ, சர்க்கரை நோய்க்குப் பொடி விற்பவர்களை நம்பலாம் என்றோ நான் சொல்லவில்லை. ஆய்வின் மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை நிலைக்க வேண்டும் என்பதற்காகவே அதன் முறைகளைக் கேள்வி கேட்கிறேன்.

நேற்றுக் காலையிலிருந்து இன்று காலை வரை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதுவது 24 மணி நேர நினைவுகூரல் முறை. அளவைத் தெரிந்துகொள்வதற்கென்று சிறிதும் பெரிதுமாகக் கிண்ணங்களும் கரண்டிகளும் எங்களிடம் கொடுத்தனுப்புவார்கள். செல்லம்பட்டிப் பக்கம் ஓர் ஊரில், களையெடுப்பு முடிந்து வந்து அடுப்படி வாசலில் அமர்ந்திருந்த ஓர் அக்காவிடம் அந்தக் கிண்ணங்களை வரிசையாக வைத்து, நேற்று மத்தியானம் எவ்வளவு குழம்பு ஊற்றிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "ஏம்மா, கொழம்ப யாராச்சும் அளந்தா ஊத்துவாக? கண்ணளவுதேன். அதுலயும் அம்புட்டுப் பேரும் சாப்பிட்டு முடிச்சு, சட்டியில கெடந்தத வழிச்சுப் போட்டு நாஞ் சாப்பிட்டேன்" என்றார். சட்டியை எடுத்து வந்து, எந்த உயரத்தில் குழம்பு இருந்தது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னேன். அந்த உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அதைக் கிண்ணத்தில் அளந்து, மில்லிலிட்டராக எழுதினேன். அவர் சோற்றில் குழம்போடு சட்டியின் அடியில் தங்கிய கத்தரிக்காயும் வந்ததா, வெறும் புளித்தண்ணீர்தான் வந்ததா என்று எழுதப் படிவத்தில் இடமில்லை. வீட்டுக்கு மொத்தமாக எவ்வளவு பருப்பு, எவ்வளவு காய், எவ்வளவு எண்ணெய் போட்டார்கள் என்பதைக் கேட்டு, குழம்பின் அளவுக்கு ஏற்பப் பங்கிட்டுக் கணக்கிடுவார்கள். அந்தப் பங்கீடு, குழம்பு எல்லாருக்கும் ஒரே மாதிரி விழுகிறது என்று வைத்துக்கொள்கிறது. கடைசியில் சாப்பிடுகிற பெண்ணுக்கு அப்படி விழுவதில்லை. இரத்தசோகையைப் பற்றிய ஆய்வுகளில் யாருடைய தட்டு மிக முக்கியமோ, அவருடைய தட்டுதான் மிக மங்கலாக அளக்கப்படுகிறது.

அடுத்து, அந்த மில்லிலிட்டரைச் சத்தாக மாற்ற வேண்டும். உங்கள் நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சேர்மான அட்டவணையில் 528 உணவுப் பொருள்களின் சத்துகள் உள்ளன. நாட்டின் ஆறு மண்டலங்களிலிருந்து மாதிரி எடுத்துச் செய்த அரிய வேலை அது. ஆனால் அதில் இருப்பவை பெரும்பாலும் சமைக்காத பொருள்கள். எங்கள் பக்கத்தில் பழைய சோற்றையும் நீச்சத்தண்ணியையும் காலையில் குடித்துவிட்டுக் காட்டுக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரவெல்லாம் ஊறிய சோற்றில் எவ்வளவு அரிசி, எவ்வளவு தண்ணீர் என்று யார் சொல்வது? கஞ்சியை வடித்த சோறும் குக்கரில் பொங்கிய சோறும் ஒன்றாகாது. வடிகஞ்சியோடு சில சத்துகளும் போய்விடும். பல படிவங்களில் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான் இருந்தது. கல் உப்பைக் கையால் அள்ளிப் போடும் வீட்டில், ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை கிராம் உப்புச் சாப்பிட்டார் என்பதை வாய்வார்த்தையாகக் கேட்டுக் கண்டுபிடிக்கவே முடியாது.

இதெல்லாம் மறதியும் அளவும் சார்ந்த சிக்கல். வெட்கமும் மரியாதையும் இதைவிடப் பெரிய சிக்கல். நாங்கள் போய் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களும் திண்ணையில் வந்து உட்கார்வார்கள். அவர்கள் முன்னால், நேற்று ரசம் மட்டும்தான் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. கீரையும் முட்டையும் பதிலில் வந்து சேரும். வீட்டுக்காரர் இரவில் கடையில் பரோட்டா சாப்பிட்டாரா, டீக்கடையில் எத்தனை வடை தின்றார் என்பதெல்லாம் பதில் சொல்லும் மனைவிக்குத் தெரியாது. கணவர் மது குடித்தது தெரிந்தாலும் அவர் சொல்ல மாட்டார். புரட்டாசியில் ஒரு தெருவுக்குப் போனால் கறி தின்னாத ஊராகத் தெரியும். அதே தெருவுக்குத் தை மாதம் போனால் வேறு ஊராக இருக்கும். "கடந்த ஓராண்டில் வாரத்துக்கு எத்தனை முறை" என்று நூற்றுக்கணக்கான பொருள்களைப் பற்றிக் கேட்கும் நீண்ட வினாப்பட்டியலில், ஆடி முதல் ஆனி வரையிலான எல்லா விரதங்களையும் திருவிழாக்களையும் மனசுக்குள் கூட்டி வகுத்து ஒற்றை எண்ணாகச் சொல்ல வேண்டும். அது யாராலும் முடியாத கணக்கு.

ஓர் ஆய்வில், விடுபட்ட கட்டங்களை அலுவலகத்திலேயே உட்கார்ந்து, அதே தெருவின் மற்ற வீடுகளைப் பார்த்து நிரப்பிவிடச் சொன்னார்கள். நான் மறுத்தேன், படிவங்கள் வேறொருவர் கைக்குப் போயின. அந்த ஆய்வின் எண்கள் பின்னர் எங்கேனும் அட்டவணையாக வந்திருந்தால், அதைப் படிக்கும் எவருக்கும் எது கேட்டு எழுதியது, எது நிரப்பியது என்று தெரிந்திருக்காது.

நான் சொல்வது ஒரு மாவட்டத்து அனுபவம் மட்டும் என்று நீங்கள் நினைக்கலாம். உலகெங்கும் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஆகியவற்றின் கனமான ஐசோடோப்புகள் (அதே தனிமத்தின் எடை கூடிய அணுக்கள்) கலந்த தண்ணீரைக் குடிக்கச் செய்து, அவை உடலிலிருந்து வெளியேறும் வேகத்தைச் சிறுநீரில் பார்த்தால், ஒருவர் உண்மையில் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறார் என்று தெரிந்துவிடும். 1992இல் நியூயார்க்கில், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை இம்முறையில் பார்த்தபோது, தாங்கள் சாப்பிட்டதை அவர்கள் சராசரியாக 47 விழுக்காடு குறைத்தும், உடலுழைப்பை 51 விழுக்காடு கூட்டியும் சொல்லியிருந்தது தெரிந்தது. அது பத்துப் பேர் கொண்ட சிறிய ஆய்வு. 2003இல் வெளியான அமெரிக்காவின் ஓப்பன் ஆய்வில் 484 பேர் இருந்தார்கள். நீண்ட வினாப்பட்டியல் வழியே ஆண்கள் தங்கள் ஆற்றல் உட்கொள்ளலை 31 முதல் 36 விழுக்காடு வரையும், பெண்கள் 34 முதல் 38 விழுக்காடு வரையும் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். 24 மணி நேர முறையில் பிழை இதைவிடக் குறைவு, ஆனாலும் இருந்தது. எல்லாரும் ஒரே அளவு குறைத்துச் சொன்னால் அதைக் கணக்கில் சரிசெய்துவிடலாம். ஆனால் உடல் பருத்தவர்கள் அதிகமாகக் குறைத்துச் சொல்கிறார்கள் என்று மீண்டும் மீண்டும் காணப்பட்டிருக்கிறது. எந்த நோயைத் தேடுகிறோமோ அதனோடு பிழையும் சேர்ந்தே நடக்கும்போது, எத்தனை லட்சம் பேரைச் சேர்த்தாலும் பிழை கரையாது.

இரண்டாவது தூணுக்கு வருகிறேன். மதுரையில் இரவுச் சாப்பாட்டுக்குச் சப்பாத்தி, கோதுமை உப்புமா, கேப்பைக் களி என்று ஒரு வீடு மாறியிருந்தால், அங்கே யாருக்கோ சர்க்கரை வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் புரிந்துகொள்வார்கள். அந்தத் தெருவில் ஒரே ஒருமுறை போய்க் கணக்கெடுத்தால், சப்பாத்தி சாப்பிடுகிறவர்களுக்குத்தான் சர்க்கரை நோய் அதிகம் என்று வரும். உணவு நோயைக் கொண்டுவரவில்லை. நோய்தான் உணவை மாற்றியிருக்கிறது. ஒருமுறை மட்டும் பார்க்கும் குறுக்குவெட்டு ஆய்வுகள் இந்தக் குழப்பத்திலிருந்து தப்பவே முடியாது.

பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வுகள் இதைவிட மேலானவை என்பதை மறுக்கவில்லை. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, 21 நாடுகளில் ஏறத்தாழ 1.32 லட்சம் பேரை ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து, தெற்காசியாவில் நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் சோறு சாப்பிடுகிறவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிடுகிறவர்களைவிடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 61 விழுக்காடு அதிகம் என்று சொன்னது. ஏற்கெனவே நோய் உள்ளவர்களை விலக்கிவிட்டுத்தான் கணக்கிட்டார்கள். அது சரியான செயல். ஆனாலும் என் கேள்வி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பருப்பும் காயும் முட்டையும் பாலும் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. கையில் காசு குறையக் குறையத் தட்டில் சோறு கூடும். ஆக, ஒருவர் சாப்பிடும் சோற்றின் அளவை அளக்கும்போது, அவருடைய வருமானத்தையும், வேலையின் நிச்சயமின்மையையும், தூக்கத்தையும், நோயைக் கண்டுபிடிக்க அவர் எப்போது மருத்துவமனைக்குப் போகிறார் என்பதையும் சேர்த்தே அளக்கிறோம். புள்ளியியல் வழியே இவற்றைக் கழித்துவிட்டோம் என்று கட்டுரையில் ஒரு வரி வரும். வருமானம் எவ்வளவு என்று கேட்டபோது எங்களுக்குக் கிடைத்த பதில்களை நான் அறிவேன். கழிப்பதற்குப் பயன்பட்ட எண்ணும் குழம்பின் அளவைப் போலவே பிறந்த எண்தான். சோறு அதிகமாகத் தின்பது நல்லது என்று நான் வாதிடவில்லை. அந்த 61இல் சோற்றின் பங்கு எவ்வளவு, சோற்றோடு ஒட்டிவந்தவற்றின் பங்கு எவ்வளவு என்று இந்த முறையால் பிரித்துச் சொல்ல முடியாது என்கிறேன்.

இப்படிப் பிரிக்க முடியாததைப் பிரித்துவிட்டதாக நம்பியதன் விலையையும் உலகம் கொடுத்திருக்கிறது. பீட்டா கரோட்டின் என்ற சத்து உள்ள காய்கனிகளை நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பின்தொடர் ஆய்வுகள் சொல்லிக்கொண்டிருந்தன. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அதை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாக இருந்தது.

ஒரே தரவைப் பல விதமாக வெட்டிப் பார்க்கும் சுதந்திரமும் இதில் சேர்கிறது. ஒரு சமையல் புத்தகத்திலிருந்து குலுக்கல் முறையில் 50 பொருள்களை எடுத்து, அவற்றுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு சொல்லும் ஆய்வுகளை இரண்டு ஆய்வாளர்கள் தேடினார்கள். 2013இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின்படி 40 பொருள்களுக்கு ஆய்வுகள் இருந்தன. 264 முடிவுகளில் 72 விழுக்காடு, அந்தப் பொருள் புற்றுநோயைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்றன. அடுப்படியில் உள்ள ஏறக்குறைய எல்லாமே ஒன்று விஷம் அல்லது மருந்து என்று ஆகிவிட்டால், தவறு அடுப்படியில் இல்லை. நூறு உணவுகளையும் இருபது நோய்களையும் பொருத்திப் பார்த்தால் தற்செயலாகவே பல பொருத்தங்கள் கிடைக்கும்; கிடைத்தவற்றை மட்டும் கட்டுரையாக்கினால் படிப்பவருக்கு மிச்சம் தெரியாது.

நல்ல ஆய்வுக்கு நாம் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. மதுரை அரவிந்த் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15,419 சிறு குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, வாரந்தோறும் ஒரு பிரிவுக்குச் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். எந்தக் குழந்தைக்கு எது போகிறது என்று கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியாது. 1990இல் வெளியான முடிவில், வைட்டமின் ஏ பெற்ற பிரிவில் இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. அங்கே யாரும் யாருடைய நினைவையும் நம்பியிருக்கவில்லை. வாயில் ஊற்றியது கண்ணுக்குத் தெரிந்த அளவு, எண்ணியது உயிர். அதே ஆண்டில் உங்கள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஐதராபாத் பகுதியில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவில் கொடுத்துப் பார்த்து, இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று எழுதினார்கள். பின்னர் உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் குழந்தைகளைக் கொண்டு நடந்து 2013இல் வெளியான டெவ்டா ஆய்வில் குறைவு 4 விழுக்காடுதான்; அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற எல்லைக்குள் இருந்தது. இப்படி விடைகள் முரண்படும்போதும் நம்மால் பயனுள்ள விவாதம் நடத்த முடிகிறது. வாராந்தரச் சிறு அளவா, அரையாண்டுப் பெரிய அளவா, எந்த ஊர், எவ்வளவு பற்றாக்குறை என்று காரணம் தேட முடிகிறது. என்ன கொடுத்தோம் என்பது உறுதியாகத் தெரிவதால்தான் அது முடிகிறது.

குலுக்கல் முறை என்ற பெயரே போதும் என்றும் சொல்ல மாட்டேன். மத்திய தரைக்கடல் பகுதி உணவுமுறை இருதய நோயைத் தடுக்குமா என்று பார்க்க ஸ்பெயினில் ஏறத்தாழ 7,450 பேரைக் கொண்டு நடந்த பிரெடிமெட் ஆய்வு 2013இல் பெரும் புகழ் பெற்றது. ஓர் இடத்தில் தனித்தனி ஆட்களுக்குப் பதிலாக மொத்த மையத்தையே ஒரே பிரிவில் போட்டிருந்தது போன்ற குறைகள் தெரிந்து, 2018இல் கட்டுரையைத் திரும்பப் பெற்று, திருத்தி, அடக்கமான சொற்களில் மறுபடி வெளியிட்டார்கள். நம் நாட்டில் நடந்ததாக 2002இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் இருதய உணவு ஆய்வின் மீது, 2005இல் அந்த இதழே வெளிப்படையாக ஐயம் தெரிவித்தது. முதலாவதில் தரவைப் பிறர் சோதிக்க முடிந்தது, அதனால் திருத்தமும் வந்தது.

இனி உங்களிடம் கேட்பது. உங்கள் நிதியில் நடக்கும் ஒவ்வோர் உணவு ஆய்வின் வினாப்பட்டியலையும், கிண்ண அளவைக் கிராமாக மாற்றிய அட்டவணையையும், ஆளடையாளம் நீக்கிய மூலத் தரவையும் வெளியிடுங்கள். எந்தக் கணக்கை எப்படிப் போடப்போகிறோம் என்பதைத் தரவு சேர்க்கும் முன்பே பதிவுசெய்யச் சொல்லுங்கள். 2007 முதல் நடந்துவரும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பின்தொடர் ஆய்வுகளையும் பதிய இடம் இருக்கிறது. அதை உணவு ஆய்வுகளுக்குக் கட்டாயமாக்குவது உங்கள் கையில் உள்ளது. பொதுமக்களுக்கான வழிகாட்டுதலில், ஒவ்வொரு பரிந்துரையின் பக்கத்திலும் அது குலுக்கல் முறை ஆய்வில் தெரிந்ததா, பின்தொடர் ஆய்வில் தெரிந்ததா, வல்லுநர் கருத்து மட்டுமா என்று தமிழிலும் பிற மொழிகளிலும் போடுங்கள். "20 விழுக்காடு அதிகம்" என்று சொல்லும் இடத்தில், ஆயிரத்தில் பத்துப் பேருக்கு வருவது பன்னிரண்டு பேருக்கு வரும் என்று ஆள் கணக்காகவும் சொல்லுங்கள். படிப்பவர் தாமே எடை போட்டுக்கொள்வார்.

பணம் எங்கே செலவாக வேண்டும் என்பதிலும் எனக்குக் கருத்து உண்டு. சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரைக் கொண்டு, சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்த உப்பைக் கொடுத்து ஐந்தாண்டு பார்த்தார்கள். 2021இல் வந்த முடிவில் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்திருந்தது. யார் எத்தனை கரண்டி உப்புப் போட்டார்கள் என்ற பதிலின் மேல் அந்த முடிவு நிற்கவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த உப்பு ஆகாது என்பதால் எச்சரிக்கை வேண்டும். அந்த எச்சரிக்கையோடு, நம் கிராமங்களில் இத்தகைய ஒரு நல்ல ஆய்வு, நினைவை நம்பிய நூறு கட்டுரைகளைவிடப் பயன் தரும் என்று நம்புகிறேன்.

கேட்டறியும் கணக்கெடுப்பை அறவே விட்டுவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அப்படியானால் அதைச் சரிபார்த்துப் பயன்படுத்துங்கள். 1972இல் தொடங்கி 2015இல் மூடப்பட்ட தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பில், சமைக்கும் முன் பொருள்களைத் தராசில் நிறுத்து எழுதும் முறையும் இருந்தது. அதை மீண்டும் தொடங்குங்கள். ஒவ்வொரு மண்டலத்திலும் ஒரு சிறு குழுவுக்கு ஐசோடோப்புத் தண்ணீர் கொடுத்தும், 24 மணி நேரச் சிறுநீரில் உப்பின் அளவைக் காட்டும் சோடியமும் புரதத்தின் அளவைக் காட்டும் நைட்ரஜனும் பார்த்தும், வாய்ப்பதில் எவ்வளவு விலகுகிறது என்று அளந்து, அந்த விலகலை முடிவுகளோடு சேர்த்து அச்சிடுங்கள். மதுரை மாவட்டத்தில் அப்படி ஒரு சரிபார்ப்பு ஆய்வை, புரட்டாசி, தை, சித்திரை மூன்றிலும் போகும்படி திட்டமிட வேண்டும் என்பது என் குறிப்பான கோரிக்கை. அந்த வினாப்பட்டியலை எழுதும் கூட்டத்துக்கு, வீடுகளில் உட்கார்ந்து கேட்டு எழுதிய கள விசாரணையாளர்களையும் அழையுங்கள். நீச்சத்தண்ணிக்கும், கடைசியில் சாப்பிடுகிறவரின் தட்டுக்கும் தனித்தனிக் கட்டம் எங்கே வர வேண்டும் என்று எங்களால் சொல்ல முடியும். உங்கள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் கள விசாரணையாளர் ஒருவர்,
மதுரை.